ஆள் இருக்கு

லக்கி ஸ்வான் ஃபுட் கோர்ட்டில் மேஜை பிடிக்க ஆள் வேண்டியதில்லை. ஒரு டிஷ்யூ பாக்கெட் போதும். பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் கௌரவம். பாதி தீர்ந்ததாக இருந்தாலும் செல்லும். அதை மேஜையின் நடுவில் வைத்துவிட்டால் அந்த மேஜை உங்களுடையது. நீங்கள் வரிசையில் போய் நிற்கலாம், கழிப்பறைக்குப் போகலாம், பக்கத்துக் கடையில் மீன் வாங்கலாம், காரில் உட்கார்ந்து பினாங்கில் இருக்கும் தங்கச்சியோடு முக்கால் மணி நேரம் போனில் சண்டை போட்டுவிட்டும் வரலாம். வரும்போது மேஜை அப்படியே இருக்கும். இந்த ஆஸ்திரேலியப் பெர்த் நகரத்தில் கார் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்குகிற பயல்கள் உண்டு. டிஷ்யூ பாக்கெட்டைத் தொட்ட பயல் கிடையாது.

ஒருமுறை மின்விசிறிக் காற்றில் ஒரு பாக்கெட் பறந்துபோய்த் தரையில் விழுந்தது. அது எந்த மேஜையுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. சந்தேகத்துக்கு இடமான மூன்று மேஜைகளையும் காலியாக விட்டுவிட்டு, ஐந்து பேர் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்கள். இதைக் கேட்டு வெளியாட்கள் சிரிப்பார்கள். ஊய் தெய்க் பெங் சிரிக்கவில்லை. வேறென்ன செய்வது, சரியாகத்தானே நடந்துகொண்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

தெய்க் பெங்குக்கு அறுபத்து நான்கு வயது. மலேசியாவின் பினாங்குக்காரர். இருபத்திரண்டு வருஷமாக லக்கி ஸ்வானில் கோய்தியாவ் வறுக்கிறார். பட்டை அரிசி நூடுல்ஸை இறால், சிப்பி, முட்டை எல்லாம் சேர்த்து, தீ சட்டிக்கு மேலே ஏறும்படி புரட்டியெடுக்கிற வேலை. கை அசைகிற வேகத்துக்கு வாய் அசையாது. யாரிடமும் எதையும் கேட்டு வாங்கத் தெரியாத ஜன்மம். உப்பு தீர்ந்துபோனால் பக்கத்துக் கடையில் ஒரு கை கேட்கமாட்டார், வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருவார். பக்கத்துக் கடை குணாளனுக்கு இதில் தீராத வருத்தம்.

குணாளன் அதே மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்தவர், ரொட்டி சானாய், அதாவது மலேசியப் பரோட்டா, போடுகிறவர். தெய்க் பெங் பேசாமல் மிச்சம் வைக்கிற பேச்சையெல்லாம் அவர்தான் பேசித் தீர்க்கிறார். நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை அந்தக் கடிதம் வந்தபோது, அதை மூன்று தடவை சத்தமாக வாசித்தவரும் அவர்தான்.

கட்டடத்தின் சொந்தக்காரர் கொராடோ என்கிற இத்தாலியக் கிழவர். மாதம் ஒருமுறை வருவார். குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடாமல் தானே படுத்துக்கொண்டு முடுக்குவார். காரம் போடாத கோய்தியாவ் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போவார். போன வருஷக் கடைசியில் அவர் செத்துப்போனதே, வாடகைச் சீட்டில் பெயர் மாறி வந்ததைப் பார்த்துத்தான் இவர்களுக்குத் தெரியும். இப்போது எல்லாம் மகள் கார்லாவின் கையில். அவள்தான் எழுதியிருந்தாள். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிற ஒருவர் மொத்த இடத்தையும் கேட்கிறார். உங்கள் குத்தகை மார்ச்சில் முடிகிறது. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நேரில் வருகிறேன். எத்தனை பேர் வந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன். அவ்வளவுதான் கடிதம்.

"தலைய எண்ண வர்றாங்களாம்," என்றார் குணாளன். "வியாழக்கிழம மத்தியானம் நம்ம கிட்ட எத்தன தல இருக்கும்?"

"முப்பது," என்றார் தெய்க் பெங்.

"சூப்புக் கடை துய்கிட்ட வர்ற அந்தப் பள்ளிக்கூட வாத்தியாருங்கள சேத்தா?"

"சேத்துத்தான் முப்பது."

குணாளன் கடிதத்தை மடித்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

 கடை போனால் தெய்க் பெங்குக்குச் சோற்றுக்குத் திண்டாட்டம் ஒன்றும் இல்லை. மகன் பூன் கியாட் மெல்பர்னில் நல்ல வேலையில் இருக்கிறான். அப்பாவுக்கென்று ஒரு அறையே தயாராக வைத்திருக்கிறான். "போதும்ப்பா, வந்துருங்க" என்று வாரம் ஒருமுறை சொல்கிறான். தங்கமான பிள்ளை. தெய்க் பெங்கின் பயமே அந்த அறைதான்.

ஜூன் மாதம் அங்கே போய் இரண்டு வாரம் இருந்து பார்த்தார். மகனும் மருமகளும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மரவேலி. நாலாம் நாளே அந்த வேலியில் அறுபத்திரண்டு பலகை என்று அவருக்கு மனப்பாடம். எட்டாம் நாள் துணி துவைக்கிற இயந்திரம் சுற்றுவதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். ஒன்பதாம் நாள் பார்சல் கொண்டுவந்த பையனை வாசலில் நிறுத்தி இருபது நிமிஷம் பேசினார். வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அந்தப் பையன் மறுநாளிலிருந்து பார்சலை வேலிக்கு வெளியிலிருந்தே எறிந்துவிட்டு ஓடினான்.

பெர்த்துக்குத் திரும்பியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு நேராகக் கடைக்கு வந்தார். "எங்கடா போய்த் தொலைஞ்ச? ரெண்டு வாரமா வாயில வைக்க ஒண்ணுமில்ல" என்று தினமும் சாப்பிட வருகிற ஸ்வீ கியோக் அக்கா அத்தனை பேர் முன்னாலும் திட்டினாள். அந்தத் திட்டு அவருக்கு அவ்வளவு இனித்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"எல்லாருக்கும் போன் போடு," என்றார் குணாளன். "வியாழக்கிழம வந்து உக்காரச் சொல்லு. அந்தக் கட்டடத்தம்மா எண்ணிட்டுப் போகட்டும்."

"நீ போடு."

"நான் போட்டா ரொட்டி விக்கக் கூப்பிடுறேன்னு நெனச்சு வெச்சிருவானுங்க. நீ இத்தன வருஷத்துல எவனையாவது எதுக்காவது கூப்பிட்டிருக்கியா? நீ கூப்பிட்டா பயந்துபோயாவது வருவானுங்க."

அதுதான் நடந்தது. தெய்க் பெங் அன்றைக்குக் கடையை மூடியபின் பழைய எண்களையெல்லாம் தேடியெடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் ஹார்யோனோ. இந்தோனேசியாவின் சுரபாயாக்காரர், வேன் ஓட்டுகிறவர். "பெங் பேசுறேன்" என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் செத்தது?"

"யாரும் சாகல. வியாழக்கிழம பதினொண்ணரைக்கு வந்து சாப்பிட முடியுமா?"

"சாப்பிடவா? நிஜமா யாரும் சாகலையே?"

இரண்டாவது ஆளும் அதையே கேட்டார். மூன்றாவது ஆள் போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள், அவளைச் சமாதானம் செய்யவே கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு தெய்க் பெங் தெளிந்துவிட்டார். "யாரும் சாகல, நான் பெங்" என்றுதான் பேச்சையே தொடங்கினார். திங்களும் செவ்வாயும் புதனுமாக நூற்றுப் பதின்மூன்று பேருக்குப் பேசினார். ஒவ்வொருத்தரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "வந்து உக்காருங்க, எழுந்திருக்காதீங்க" என்று முடித்தார். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் காது சிவந்தது. வீட்டில் யாரும் பார்க்க இல்லாதது நல்லதாகப் போயிற்று.

கடைசியாகத்தான் ஸ்வீ கியோக் அக்காவைக் கூப்பிடத் தைரியம் வந்தது. அக்காவுக்கு அறுபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தினமும் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள மேஜைதான். டிஷ்யூ சட்டத்துக்கு லக்கி ஸ்வானில் போலீஸ், வக்கீல், நீதிபதி எல்லாம் அவள்தான்.

"வியாழக்கிழம எனக்குக் கால் நகத்து டாக்டரு," என்றாள்.

"சரிக்கா, பரவால்ல."

"பரவால்லன்னு உங்கிட்ட யார்ரா சொன்னா? எத்தன மணிக்கு வரணும், அதச் சொல்லு."

வியாழக்கிழமை பதினொன்றுக்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி உடுப்போடு நர்சுகள், பஸ் டிரைவர்கள், மாஜோங் ஆடுகிற கோஷ்டி, ஜோகூர்க் கணக்காளர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பர்மியத் தம்பதி. வந்த ஒவ்வொரு கோஷ்டியும் செய்த முதல் காரியம், ஒரு மேஜையைப் பார்த்து டிஷ்யூ பாக்கெட்டை வைத்ததுதான். நாற்பத்திரண்டு மேஜையிலும் பாக்கெட் ஏறிவிட்டது. வியட்நாமியச் சூப்புக் கடை துய், "இவ்வளவு கூட்டத்துக்கு எலும்பு பத்தாதே" என்று கவலைப்பட ஆரம்பித்தாள். தெய்க் பெங் ஒரு சுற்று பார்த்துவிட்டு, நெஞ்சு நிறைந்து, தலையைக் குனிந்துகொண்டு சட்டியைச் சூடேற்றினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கட்டடத்தின் பின்பக்கம் லோவின் மளிகைக் கடைக்கு லாரி வந்தது.

முதலில் வாசனை வந்தது. பிறகு ஒருவர் எழுந்து பின்வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். டுரியான். பலா மாதிரி முள்ளும் சுளையுமாக, ஊரே மணக்கிற பழம். பெட்டியில் உறைந்து வருகிற டுரியான் இல்லை, வடக்கே டார்வின் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முந்தாநாள் விழுந்த பழம். லோ இறக்கி முடிப்பதற்குள் போகாவிட்டால் நல்லதையெல்லாம் எவனாவது பொறுக்கிவிடுவான். எழுந்திருக்காதீர்கள் என்று பெங் சொல்லியிருந்தது எல்லாருக்கும் நினைவிருந்தது. ஆனால் பாக்கெட் மேஜைமேல் இருக்கிறதே. பாக்கெட் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரிதானே. நியாயமாகப் பார்த்தால் அவர்கள் எழுந்திருக்கவே இல்லை. இப்படி ஒரு நியாயம் அத்தனை தலைகளிலும் ஒரே நேரத்தில் எப்படி உதித்தது என்பதுதான் அதிசயம்.

தெய்க் பெங் நான்கு தட்டு வறுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். நாற்பத்திரண்டு மேஜை, நாற்பத்திரண்டு டிஷ்யூ பாக்கெட். மனுஷப் பூண்டு இல்லை. மூலையில் ஹார்யோனோ மட்டும் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். காலை மூன்று மணிக்கு வேன் எடுத்த களைப்பு.

"குணா," என்றார் தெய்க் பெங். 

குணாளன் எட்டிப் பார்த்தார். "ஐயையோ," என்றார். "இரு, நான் போய் இழுத்துட்டு வர்றேன்." கையில் ஒட்டிய மாவைக்கூடத் துடைக்காமல் பின்வாசல் வழியாக ஓடினார். ஓடியவர் திரும்பவில்லை. பழம் அப்படி.

இருபது நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டாள் கார்லா. முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கையில் அமுக்கி அமுக்கி எண்ணுகிற ஒரு சின்னக் கருவி. வாசலில் நின்று இடம் வலமாகப் பார்த்தாள். ஹார்யோனோவைப் பார்த்து ஒருமுறை அமுக்கினாள். கடைக்குள் நிற்கிற துய்யை எண்ணலாமா கூடாதா என்று கட்டைவிரலைத் தூக்கி யோசித்துவிட்டு, விரலை இறக்கிவிட்டாள்.

"மிஸ்டர் ஊய்? நான் கார்லா. இப்ப சாப்பாட்டு நேரம்தானே?"

"ஆமா மிஸ்."

"யாருமே இல்லையே."

"இருக்காங்க மிஸ். எல்லா மேஜையிலயும் ஆள் இருக்கு."

கார்லா மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். அவசரப்படாமல், மரியாதையாகத்தான் பார்த்தாள். "சரி," என்றாள். "எனக்கும் பசிக்குது. ஒரு தட்டு குடுங்க. இந்த மேஜையில உக்காரலாமா?"

"அதுல ஆள் இருக்கு மிஸ்."

"அப்ப அது?"

"அதுலயும்."

"அந்தக் கடைசி மேஜை?"

"ஆள் வருவாங்க மிஸ்."

தன்னைக் கேலி செய்கிறாரா, இல்லை இந்த மனுஷனுக்குத்தான் ஏதாவது கோளாறா என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தெய்க் பெங்குக்கும் தெரியாமல் இல்லை. ஒரு பாக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உட்காருங்கள் அம்மா என்று சொல்ல இரண்டு நொடி ஆகாது. இருபத்திரண்டு வருஷக் கடை போகிறது. அந்த அறை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, அறுபத்திரண்டு பலகையோடு. எடுக்க வேண்டியது ஒரே ஒரு டிஷ்யூ பாக்கெட். இரண்டு தடவை கையை நீட்டினார். கை வரவில்லை. அடுத்தவர் வைத்துவிட்டுப் போன பாக்கெட்டை எப்படி எடுப்பது?

திரும்பிக் கோய்தியாவ் வறுத்தார். இறால் இரண்டு கூடப் போட்டார். அவரால் செய்ய முடிந்தது அதுதான்.

கார்லா தட்டை வாங்கிக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே காற்று நன்றாக வருகிற மேஜையாகப் பார்த்துப் போனாள். நடுவில் கிடந்த பாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கினாள். முந்தினவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பை என்று நினைத்திருக்கவேண்டும். அருகில் இருந்த தொட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். துய் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்தச் சமயம் பார்த்துக் கண் விழித்த ஹார்யோனோ, நடந்ததைப் பார்த்துவிட்டு, கனவாகத்தான் இருக்கும் என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு வாய் உள்ளே போவதற்குள் ஸ்வீ கியோக் அக்கா பின்வாசலில் நின்றாள். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த பையில் இரண்டு டுரியான். முதலில் தன் மேஜையைப் பார்த்தாள். பிறகு குப்பைத்தொட்டியைப் பார்த்தாள். பிறகு நடந்து வந்தாள். அவசரமே படவில்லை.

"ஏம்மா, இங்க ஒரு டிஷ்யூ இருந்துச்சே?"

"ஓ, அது உங்களதா? மன்னிச்சுக்கங்க, குப்பைன்னு நெனச்சேன்."

"குப்பையா? புதுப் பாக்கெட்டு. பூப்போட்டது. கண்ணு நல்லாத் தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"எழுந்திரு."

"மேடம், இடம் நெறைய இருக்கே..."

"எங்க இருக்கு? காட்டு பாப்போம். எல்லாத்துலயும் ஆள் இருக்கு. கண்ணு நல்லாத் தெரியும்னு இப்பத்தான சொன்ன."

தெய்க் பெங் கடைக்குள்ளிருந்து கரண்டியைத் தூக்கி ஆட்டினார். தலையை ஆட்டினார். கண்ணை உருட்டினார். அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அங்க பாரு, காரம் வேணுமான்னு கேக்குறான்" என்று கார்லாவிடம் சொன்னாள்.

கார்லா எழுந்து பக்கத்து மேஜைக்குப் போனாள். பின்வாசலிலிருந்து மாஜோங் கோஷ்டி வந்து, "இது நம்மளது" என்றது. அடுத்த மேஜைக்குப் போனாள். பர்மியத் தம்பதி வந்து குழந்தையைக் காட்டிச் சிரித்தார்கள். குழந்தைக்கு என்ன பதில் சொல்வது, எழுந்தாள். அதற்குள் பின்வாசல் வழியாக மொத்தக் கூட்டமும் பழமும் கையுமாக வந்து இறங்கிவிட்டது. நர்சுகள் வந்தார்கள், பஸ் டிரைவர்கள் வந்தார்கள், கடைசியில் மீசையில் மஞ்சளோடு குணாளன் வந்தார். அவரவர் பாக்கெட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எந்தச் சண்டையும் இல்லாமல் அவரவர் மேஜையில் உட்கார்ந்தார்கள். மூன்று நிமிஷம்தான். தன் சொந்தக் கட்டடத்தில் உட்கார நாற்காலி இல்லாமல், ஆறிக்கொண்டிருக்கிற தட்டோடு நட்டநடுவில் நின்றாள் கார்லா.

ஸ்வீ கியோக் அக்காவுக்குக் கோபம் நீண்ட நேரம் நிற்காது. "ஏ பொண்ணு," என்று கூப்பிட்டாள். "இங்க வா. ஆறிப்போனா அது ரப்பரு. உக்காந்து தின்னு." பையை எடுத்துக் கீழே வைத்து இடம் பண்ணினாள். "இந்தப் பக்கத்துக்குப் புதுசா நீ?"

"கொஞ்சம் புதுசுதான்."

"அதான் பாத்தேன். நம்ம வழக்கம் தெரியல. போகப்போகப் பழகிரும். இன்னிக்குக் கூட்டம் கொஞ்சம் ஜாஸ்தி. ஏன் தெரியுமா?" அக்கா குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்திய குரல் எட்டுத் தப்படி தள்ளி இருந்த தெய்க் பெங்குக்குத் தெளிவாகக் கேட்டது. "இந்தக் கட்டடத்துக்காரி வர்றா. பன்னெண்டு மணிக்கு. எத்தன பேர் சாப்பிடுறாங்கன்னு எண்ணுறதுக்கு. அதான் எல்லாரையும் வரவெச்சிருக்கு."

தெய்க் பெங் கையிலிருந்த முட்டை சட்டிக்கு வெளியே உடைந்தது.

"வழக்கமா இவ்வளவு பேர் வரமாட்டாங்களா?" என்று கேட்டாள் கார்லா.

"எங்க வர்றது? வியாழக்கிழமன்னா முப்பது பேரு. அதுலயும் பத்துப் பேரு ஒரு காப்பிய வாங்கி வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் ஒக்காந்திருப்போம். நானும் அதுல ஒருத்தி. அவளுக்கு இதெல்லாம் தெரியவா போகுது. எண்ணிட்டுப் போயிருவா."

"இவங்கள யாரு வரவெச்சது?"

"அதோ, அந்தக் கரண்டிய வெச்சுக்கிட்டு முழிக்கிறானே, அவன்தான். ஒவ்வொருத்தருக்கா போன் போட்டான். அவன் போன் போட்டான்னதும் எனக்குக் கையே ஓடல. கல்லுப்புகூட ஓசி கேக்காத பய. எனக்கு இன்னிக்குக் கால் நகத்து டாக்டரு, ரெண்டு மாசம் காத்திருந்து கெடச்ச நாளு. வேணாம்னு சொல்லிட்டேன். அந்த நர்சுப் பொண்ணுங்க ராத்திரி வேல முடிச்சிட்டுத் தூங்காம வந்திருக்குதுங்க. அந்தக் கணக்காளரு வயித்துவலின்னு பொய் சொல்லி லீவு போட்டாரு, இப்ப டுரியானத் திங்கிறாரு, நெசமாவே வலிக்கப் போகுது."

"அவர் கூப்பிட்டாருங்கிறதுக்காகவா?"

"வேற எதுக்கு?" அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப நாப்பது நாளு இவன்தான் தெனமும் கஞ்சி கொண்டாந்தான். வாசல்ல வெச்சிட்டு ஒரு வார்த்த பேசாம போயிருவான். நீ தின்னு, தின்னு. சரி, நீ எங்க வேல பாக்குற?"

கார்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான்தான் அந்தக் கட்டடத்துக்காரி," என்றாள்.

பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது. அங்கிருந்து அடுத்த மேஜைக்கு நின்று, கடைசியில் ஃபுட் கோர்ட் முழுக்க நின்றுவிட்டது. ஸ்வீ கியோக் அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.  பிறகு டுரியான் பையைத் திறந்து, பெரிய சுளையாக ஒன்றை எடுத்துக் கார்லாவின் தட்டில் வைத்தாள்.

"இதையும் தின்னு," என்றாள்.

கார்லா எழுந்து தெய்க் பெங்கின் கடைக்கு வந்தாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு நின்றார். எல்லாம் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குணாளன் பக்கத்திலிருந்து, "மிஸ், அந்தக் கிழவிக்கு மூளை கொஞ்சம் அப்படித்தான், தெனமும் இதே கூட்டம்தான்" என்று ஆரம்பித்தார்.

"சும்மா இரு குணா," என்றார் தெய்க் பெங். "அக்கா சொன்னது நெசம் மிஸ். முப்பது பேருதான். மத்தவங்க நான் கேட்டதுக்காக வந்தவங்க. உங்கள ஏமாத்தணும்னுதான் கூப்பிட்டேன். என் தப்பு."

"எத்தன பேருக்கு போன் பண்ணீங்க?"

"நூத்திப் பதிமூணு."

"நூத்திநாலு பேர் இருக்காங்க. நிக்கும்போது எண்ணினேன், வேற வேல இல்ல." கார்லா சிரிக்கவில்லை. கையிலிருந்த கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கப்பா செத்தப்ப நானும் போன் பண்ணினேன் மிஸ்டர் ஊய். அவர் நோட்டுல இருந்த ஒவ்வொரு பேருக்கும். இருநூறுக்கு மேல இருக்கும். சர்ச்சுக்கு வந்தது முப்பத்தொண்ணு. வாசல்ல நின்னு எண்ணினேன். அதுல என் தம்பி பாதியிலேயே போயிட்டான், ஏதோ மீட்டிங்."

 அந்தக் கிழவர் குழாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு, காரம் வேண்டாம் காரம் வேண்டாம் என்று கத்துவது தெய்க் பெங்கின் காதில் கேட்டது.

"எங்கள ஏன் மிஸ் கூப்பிடல?" என்றார். "கடையப் பூட்டிட்டு வந்திருப்போமே."

 கார்லா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டமும் சாப்பிடாமல் அவளையே பார்த்தது. கணக்காளர் மட்டும் கையில் எடுத்த சுளையை வாயில் போடவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் வைத்திருந்தார்.

"நோட்டுல உங்க பேரெல்லாம் இல்ல," என்றாள் கடைசியில். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். துய் தன் கடையிலிருந்து ஓடிவந்து கைதுடைக்கிற துணியை நீட்டினாள். "ஜிம்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். வேற இடம் பாத்துக்கட்டும். தம்பி கத்துவான், கத்தட்டும். நீங்க குத்தகைய அஞ்சு வருஷத்துக்கு எழுதிக்கங்க."

குணாளன் ஏதோ கத்தினார். அது என்ன மொழி என்று அவருக்கே தெரியாது. தெய்க் பெங்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்தார், அணைத்தார், மறுபடி பற்றவைத்தார்.

கார்லா போகாமல் நின்றாள். எதையோ கேட்க வாயெடுத்து, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள். அந்த வெட்கம் எப்படிப்பட்டது என்று தெய்க் பெங்குக்குத் தெரியும். மூன்று நாளாக அவர் காதைச் சிவக்க வைத்த அதே வெட்கம்.

"சொல்லுங்க மிஸ்," என்றார்.

"அடுத்த மாசம் இருபதாம் தேதி அப்பா போய் ஒரு வருஷம். சர்ச்சுல ஒரு பூசை வெச்சிருக்கேன். சும்மா, காலையில பத்து மணிக்கு. வேல நாளுதான்."

தெய்க் பெங் பதில் சொல்வதற்குள், மின்விசிறிக்குக் கீழேயிருந்து ஸ்வீ கியோக் அக்காவின் குரல் வந்தது.

"எத்தன பேர் வேணும்?"